குடும்பத்தோட ஆஃப்ரோடு போக பழைய ஃபோர் பை ஃபோர் வாங்குறீங்களா? எது சரிப்படும்னு என்னோட கணக்கு

எங்க வீட்டுல நாலு பேரு. நான், வீட்டுக்காரர், பெரியவளுக்கு 11 வயசு, சின்னவனுக்கு 6. இந்த எட்டு வருஷத்துல நாலு வீலும் இழுக்கிற ஃபோர் பை ஃபோர் வண்டி ரெண்டு செகண்ட் ஹேண்ட்ல வெச்சுப் பாத்துட்டோம், முதல்ல ஒரு சின்ன மூணு கதவு வண்டி, இப்போ நடுத்தர சைஸ்ல ஒரு ஏழு சீட் வேகன், ரெண்டையும் நானும் அவரும் சரிபாதியா ஓட்டியிருக்கோம். அதனால யாராவது பழசா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம், எது நல்லதுன்னு கேட்டா எனக்கு சொல்றதுக்கு நிறைய இருக்கு. எல்லாரும் எடுத்த உடனே எந்த வண்டி எந்த மேட்டுல ஏறும், எவ்வளவு ஆழத் தண்ணில இறங்கும்ங்கிற பேச்சுக்குப் போயிடுறாங்க, ஆனா குடும்பத்தோட போறவங்க முதல்ல கேக்க வேண்டியது பின் சீட்டுல யார் உக்காரப் போறாங்க, எத்தனை மணி நேரம் உக்காரப் போறாங்கன்னுதான். ஏன்னா ஓட்டுறவங்களுக்கு எல்லா வண்டியும் ஜாலிதான், கைல ஸ்டியரிங் இருக்கு, அடுத்த பள்ளம் எப்போ வரும்னு தெரியும், பின்னாடி இருக்கிற குழந்தைக்கு அது எதுவுமே தெரியாது.

என் முடிவை இப்பவே சொல்லிடறேன். ரெண்டு குழந்தை இருக்கிற வீட்டுக்கு லோ ரேஞ்ச், அதாவது மெதுவா ஆனா அதிக இழுவையோட போறதுக்கு ஒரு தனி கியர், இருக்கிற நடுத்தர வேகன், டொயோட்டா பிராடோ, மிட்சுபிஷி பஜேரோ மாதிரி, அதுவும் யாரும் கை வைக்காம கம்பெனில இருந்து வந்த மாதிரியே இருக்கிறது. அது ஏன், மத்ததெல்லாம் எங்க இடிக்குதுன்னு ஒவ்வொண்ணா வரேன்.

சுலபமானதை முதல்ல முடிச்சிடலாம். நீங்க போற இடம் எல்லாம் ஜல்லி ரோடு, காட்டு மண் ரோடு, மழை பெஞ்ச புல்வெளி, இவ்வளவுதான்னா உங்களுக்கு லோ ரேஞ்சே தேவைப்படாது, சுபாரு ஃபாரஸ்டர் மாதிரி நாலு வீலும் தானா இழுக்கிற ஒரு ஆல் வீல் டிரைவ் வண்டி போதும், கார் மாதிரி ஓடும், டீசல் பெட்ரோல் குடிக்காது, பழசுல வாங்கினாலும் பராமரிப்பு கம்மி. ஒரே ஒரு விஷயம் மட்டும் பாத்துக்குங்க, இந்த மாதிரி வண்டில நாலு டயரும் ஒரே பிராண்டா, ஒரே அளவு தேஞ்சதா இருக்கணும், ஒரு டயர் புதுசு மூணு பழசுன்னு ஓட்டினா சக்கரத்தோட சுத்தளவு மாறி முன் பின் சக்கரத்தை நடுவுல சேக்கிற கப்ளிங் எந்நேரமும் சூடாகிட்டே இருக்கும், கடைசில அதையே மாத்த வேண்டியதா போயிடும். பழசு பாக்கப் போகும்போது நாலு டயரையும் வரிசையா பாருங்க, நாலும் நாலு விதமா இருந்தா அந்த ஓனர் வண்டிய எப்படி வெச்சிருந்தார்னு அங்கேயே தெரிஞ்சிடும்.

டபுள் கேப் பிக்கப் பத்தியும் சுருக்கமாவே சொல்றேன். ஹைலக்ஸ் மாதிரி வண்டிங்க அடிச்சா கூட சாகாது, ஸ்பேர் எங்கயும் கிடைக்கும், ஆனா முக்கால்வாசி பிக்கப்ல பின்னாடி லீஃப் ஸ்பிரிங், அது சுமை ஏத்துறதுக்காக போட்டது, காலியா போகும்போது பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும், பின் சீட்டோட முதுகும் நேரா செவுரு மாதிரி நிக்கும், அரை மணி நேரத்துக்கு மேல யாருக்கும் சுகமில்ல. அதே சேஸிஸ்ல பண்ணின வேகனா வாங்கினா பின்னாடி காயில் ஸ்பிரிங் வந்துடும், ஃபார்ச்சூனர் அப்படித்தான், ஹைலக்ஸோட அஸ்திவாரத்துல நிக்குது, ஆனா உக்காந்து பாத்தா வித்தியாசம் தெரியும்.

இப்போ எனக்கு ரொம்ப முக்கியமா படுற ஒண்ணு. ஃபோர் வீல் டிரைவ்னு எழுதியிருந்தா எல்லாம் ஒண்ணு இல்ல. வளைவுல திரும்பும்போது முன் சக்கரம் ரெண்டும் பின் சக்கரத்தை விட பெரிய வட்டம் போடும், அதனால கொஞ்சம் அதிகமா உருளணும். பார்ட் டைம் சிஸ்டம் இருக்கிற வண்டில லிவரைப் போட்டதும் முன் ஆக்ஸில் பின் ஆக்ஸில் ரெண்டையும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியை அனுப்புற கியர் பெட்டி, ஒண்ணா பூட்டிடும், மண்ணுல சக்கரம் லேசா வழுக்கி அந்த வித்தியாசத்தை சரி பண்ணிக்கும், காஞ்ச தார் ரோட்டுல வழுக்க இடமே இல்லாததால முறுக்கு உள்ளேயே ஏறிக்கிட்டே போகும். ஸ்டியரிங் கனக்கும், திருப்பத்துல வண்டி விந்தி விந்தி நகரும், லிவரை திரும்ப எடுக்கப் போனா வராது, தெரியாம அப்படியே ஓட்டினா ட்ரான்ஸ்ஃபர் கேஸ்ல ஏதாவது ஒண்ணு உடையும். சுஸுகி ஜிம்னி பார்ட் டைம், பழைய மாடல் ஜீப் ரேங்ளர் நிறைய பார்ட் டைம், நிஸான் பேட்ரோல்ல ஒய்61 மாடல் வரைக்கும் பெரும்பாலும் பார்ட் டைம். பிராடோல 2002ல வந்த 120 சீரிஸ் பொதுவா ஃபுல் டைம், எப்பவும் நாலு வீலும் இழுக்கும், முன்னும் பின்னும் வேற வேற வேகத்துல சுத்த விடுற ஒரு டிஃபரன்ஷியல் நடுவுல இருக்கு, அதை வேணும்போது லாக் பண்ணிக்கலாம். பஜேரோல 1991ல ரெண்டாவது தலைமுறை வந்தப்போ சூப்பர் செலக்ட்னு ஒரு ஏற்பாடு கொண்டு வந்தாங்க, ரெண்டு வீல்லயும் ஓட்டலாம், தார் ரோட்டுலயே நாலு வீல்லயும் ஓட்டலாம், நடுவை லாக் பண்ணலாம், லோ ரேஞ்ச்க்கும் போகலாம்.

இது குடும்பத்துக்கு ஏன் முக்கியம்னா, நம்ம பயணத்துல முழுக்க சேறு, முழுக்க பாறைன்னு இருக்கறது கொஞ்ச நேரம்தான். மிச்சம் எல்லாம் மழைல நனைஞ்ச தார் ரோடு, நடுவுல நடுவுல மண்ணு அடிச்சுட்டு வந்து கிடக்கும், இருட்டிடுச்சு, பசங்க தூங்குறாங்க, அந்த நேரத்துல நாலு வீலும் இழுக்கிற வண்டி கைல இருந்தா அந்த நிம்மதியே தனி. பார்ட் டைம் வண்டில அதே ரோட்டுல நீங்க ரெண்டு வீல்லதான் போகணும்.

சின்ன வண்டி கதைக்கு வரேன். ஜிம்னி மேல எனக்கு உண்மையான மரியாதை உண்டு. 1970ல முதல் ஜிம்னி வந்தப்போ எஞ்சின் வெறும் 359 சிசி, அங்க ஆரம்பிச்சு 2018ல வந்த நாலாவது தலைமுறை வரைக்கும் ஏணி மாதிரி தனி சட்டமா இருக்கிற லேடர் சேஸிஸ், முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு சக்கரத்தையும் ஒரே கட்டையா சேக்கிற சாலிட் ஆக்ஸில், லோ ரேஞ்ச், இந்த மூணையும் அவங்க விடவே இல்ல. எடை சுமார் 1,100 கிலோதான், அதுதான் அதோட பெரிய பலம், பெரிய வண்டி புதையிற மணல்ல இது மேலாக்க போயிடும், அப்படியே மாட்டினாலும் நாலு பெரியவங்க தள்ளினா வெளிய வந்துடும். ஆனா மூணு கதவு மாடல்ல வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம், 2,250 மி.மீ., பின் சீட்டை நிமித்தி வெச்சா பின்னாடி மிஞ்சற இடம் 85 லிட்டர், ரெண்டு ஸ்கூல் பை வெச்சா மூடிடும். நாலு சீட்டுதான், அதுல ரெண்டு சைல்ட் சீட்டைப் போட்டா டென்ட், தண்ணி, மாட்டின வண்டிய வெளிய இழுக்கிற ரெக்கவரி சாமான், துணி எல்லாம் கூரை மேல போகணும், உயரமான ஒல்லியான வண்டிக்கு கூரை மேல கனம் ஏத்தறது சரிவுல நல்லதே இல்ல. அஞ்சு கதவு ஜிம்னி 2023ல வந்துச்சு, வீல்பேஸ் 2,590, பின்னாடி இடம் 208 லிட்டர், ரெண்டுல ஒண்ணுன்னா குடும்பத்துக்கு இதுதான், வயிறு தட்டாம மேட்டைத் தாண்டற கோணம் 28 டிகிரில இருந்து 24க்கு இறங்கிடுது, பசங்களோட போற ரூட்ல அந்த நாலு டிகிரி பெரிய நஷ்டமா எனக்குத் தெரியல.

இடத்தை விட எங்க சின்ன வண்டிய மாத்த வெச்சது ஆட்டம்தான். வீல்பேஸ் சின்னதா இருந்தா முன் சக்கரம் பள்ளத்துல இறங்கறதும் பின் சக்கரம் மேட்டுல ஏறறதும் ஒரே நேரத்துல நடக்கும், வண்டி முன்னும் பின்னும் தூக்கித் தூக்கிப் போடும், முன்னாடி உக்காந்தா அவ்வளவு தெரியாது, பின் சீட்டு கிட்டத்தட்ட பின் ஆக்ஸிலுக்கு மேலயே இருக்கறதால முழு அடியும் அங்கதான். பெரியவளுக்கு அப்போ அஞ்சு வயசு, ரெண்டு மணி நேரம் ஒரு கல்லு ரோட்டுல வந்தப்புறம் "அம்மா, என் தலை மட்டும் தனியா ஆடுது"ன்னா. திரும்பிப் பாத்தா ரெண்டு கையாலயும் கன்னத்தைப் பிடிச்சு தலையை தானே நிறுத்தி வெச்சுட்டு உக்காந்திருக்கா. அன்னைக்கு ராத்திரியே வேற வண்டி பாக்கணும்னு நாங்க முடிவு பண்ணிட்டோம்.

ரேங்ளர் நாலு கதவு மாடல் நல்ல வழி மாதிரி தெரியும், அதுல ரூபிகான்ங்கிற மாடல் வாங்கினா முன்னாலயும் பின்னாலயும் இடது வலது சக்கரத்தை ஒண்ணா பூட்டுற லாக்கர், 4:1 லோ ரேஞ்ச், கல்லு மேல ஊந்து போறதுக்கு கம்பெனில இருந்து வெளிய வரும்போதே இவ்வளவு தயாரா வர்ற வண்டிங்க கம்மி. கூரையைக் கழட்டலாம், பசங்களுக்கு அது திருவிழா. ஆனா நெடுந்தூரம் போகும்போது காத்துச் சத்தத்துல பின்னாடி இருக்கறவங்க பேசறது கேக்காது, முன்னாடி சாலிட் ஆக்ஸில்ங்கறதால பழசான வண்டில புஷ்ஷும் டை ராடும் தேஞ்சிருந்தா ஒரு வேகத்துல ஸ்டியரிங் படபடன்னு ஆட ஆரம்பிச்சு நிக்கவே நிக்காது, டெத் வாபுள்னு சொல்றது இதைத்தான், சாலிட் ஆக்ஸில் முன்னாடி இருக்கிற எந்த பழைய வண்டிக்கும் இது வரலாம். பாதுகாப்பும் பாக்கணும், 2018ல யூரோ என்கேப்ங்கிற ஐரோப்பிய மோதல் சோதனைல அப்போ புதுசா வந்த ரேங்ளருக்கு ஒரு ஸ்டார்தான் கிடைச்சுது, அதே வருஷம் ஜிம்னிக்கு மூணு. ரெண்டு பேரா போறவங்க ஆசைப்பட்டு வாங்கட்டும், நான் தடுக்க மாட்டேன், குழந்தைங்களோட மாசத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஹைவேயும் ஓட்டணும்னா என் ஓட்டு இதுக்கு இல்ல.

பெரிய வண்டிங்கதான் ஆசை காட்டும். 1990ல வந்த டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 80 சீரிஸ், 1998ல வந்த 100 சீரிஸ், பேட்ரோல் ஒய்61, இதையெல்லாம் பத்தி பேச ஆரம்பிச்சா வீட்டுக்காரர் நிறுத்தவே மாட்டார். ஓட்டமும் அப்படித்தான், நீளமான வீல்பேஸ், கனமான உடம்பு, பள்ளத்தை முழுங்கிட்டு போகும், பசங்க பின்னாடி தூங்கிடுவாங்க. சிக்கல் ரெண்டு. ஒண்ணு வயசு. 80 சீரிஸ் இன்னைக்கு எடுத்தா கால் நூற்றாண்டுக்கு மேல ஆன வண்டி, முன் ஆக்ஸில் முனைல இருக்கிற பர்ஃபீல்ட் ஜாயின்ட் தேஞ்சு திருப்பத்துல டக் டக்னு சத்தம் போடும், அந்த சீல் போயிடுச்சுன்னா சக்கரத்துக்கு உள்பக்கம் கிரீஸும் ஆயிலும் கலந்து வழியும், சரி பண்ண முடியாத வேலை இல்ல, ஆனா ரப்பர் ஹோஸ், ரேடியேட்டர், வயரிங்னு ஒண்ணு விட்டு ஒண்ணு வந்துட்டே இருக்கும். ரெண்டாவது எடை. ரெண்டு டன்னுக்கு மேல இருக்கிற வண்டி, ஆளும் சாமானும் ஏறினா ரெண்டரை டன் தாண்டும், அது வயிறு வரைக்கும் சேத்துல உக்காந்துட்டா குடும்பமா நாலு பேர் சேர்ந்து ஒண்ணும் பண்ண முடியாது, இன்னொரு கனமான வண்டியோ, கம்பியைச் சுத்தி இழுக்கிற வின்ச்சோ இல்லாம வெளிய வராது. கூட எப்பவும் ரெண்டு மூணு வண்டி வர்ற கூட்டம் உங்களுக்கு இருந்தா தைரியமா எடுங்க.

லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 பத்தி கேப்பீங்க, 2004ல வந்தது. ஏழு சீட்டும் பெரியவங்க உக்காரற சீட்டு, ஏர் சஸ்பென்ஷன், பின் சீட்டு சுகத்துல இந்த வரிசைல அதுக்கு ஈடு இல்லைன்னு நான் ஒத்துக்கறேன். ஆனா அந்த சுகம் முழுக்க ஸ்பிரிங்குக்கு பதிலா இருக்கிற காத்துப் பை, கம்ப்ரஸர், உயரம் அளக்கிற சென்ஸார்னு பத்து பதினஞ்சு வருஷத்துல களைச்சுப் போற சாமான் மேல நிக்குது. காட்டு நடுவுல ஒரு பக்கம் காத்து இறங்கி வண்டி சாஞ்சிடுச்சுன்னா ஸ்பேனரை வெச்சு சரி பண்ண முடியாது. வீட்டுப் பக்கத்துலயே அந்த வண்டி தெரிஞ்ச, கம்ப்யூட்டர் வெச்சிருக்கிற மெக்கானிக் இருந்தா மட்டும் யோசிங்க.

ஆக கடைசில நடுத்தர வேகன். இதுக்குள்ளயும் பிராடோவா பஜேரோவான்னு ஒரு தேர்வு இருக்கு. பஜேரோ 1999ல மூணாவது தலைமுறை வந்தப்போ தனி சேஸிஸை விட்டுட்டு உடம்பும் சேஸிஸும் சேர்ந்த ஒரே கூடா மாறிடுச்சு, நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், அதனால கல்லு ரோட்டுல வேகமா போகும்போது ரொம்ப அமைதியா இருக்கும், மெதுவா கோணல் மாணலா ஏறும்போது சக்கரம் சீக்கிரம் தரையை விட்டு தூக்கிடும். பிராடோ 120, 150 ரெண்டும் லேடர் சேஸிஸ், பின்னாடி சாலிட் ஆக்ஸில், அந்த கோணல் இடத்துல இது நிதானமா போகும். பஜேரோ தயாரிப்பு 2021ல நின்னுடுச்சு, அதனால பழசுல பிராடோவை விட மலிவா கிடைக்க வாய்ப்பு அதிகம், மிச்சமாகிற பணத்துல டயரும் முழு சர்வீஸும் முடிச்சிடலாம். எங்க மாதிரி மாசத்துக்கு ஒரு தடவை வெளிய போற குடும்பத்துக்கு ரெண்டுமே தேவைக்கு மேல. அதனால ரெண்டுல எதோட அடிப்பக்கம் சுத்தமா இருக்கோ அதை எடுங்க, பேரைப் பாக்காதீங்க.

அந்த அடிப்பக்கத்தைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும். நாங்க வேகன் தேடினப்போ ஒண்ணு பாக்கப் போனோம், மேல கண்ணாடி மாதிரி பளபளன்னு பாலிஷ், உள்ள சீட் கவர் புதுசு, கீழே கறுப்பு பெயின்ட் புதுசா அடிச்சிருந்தாங்க. வீட்டுக்காரர் பாய் போட்டு கீழ படுத்து டார்ச் அடிச்சார், நான் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால சேஸிஸை முன்னாடி இருந்து தட்டிக்கிட்டே வந்தேன், டங் டங்னு வந்துட்டு இருந்த சத்தம் பின் சக்கரத்துக்குக் கிட்ட வந்ததும் டொப்னு மாறிடுச்சு. இன்னும் கொஞ்சம் பலமா தட்டினதும் பெயின்ட்டோட சேர்ந்து பொரிப் பொரியா துரு உதிர்ந்துச்சு, சேஸிஸ்ல இருக்கிற ஓட்டைக்குள்ள விரலை விட்டா ஈர மணலு, அதுல ஒரு சின்ன கிளிஞ்சல் துண்டு. கடல் ஓரத்துல ஓட்டி கழுவாம விட்ட வண்டி. வித்தவர் கடைசி வரைக்கும் வண்டி மண் ரோட்டையே பாத்ததில்லைன்னுதான் சொல்லிட்டு இருந்தார். அந்த மாதிரி துருவை வெல்டிங் பண்ணி காட்டலாம், பசங்களை ஏத்திட்டு அது மேல போக முடியாது.

அடுத்து டிஃபரன்ஷியல் ஆயில். மெக்கானிக்கை விட்டு முன்னாடி பின்னாடி ரெண்டு டிஃபரன்ஷியல்லயும் ஃபில்லர் போல்ட்டைக் கழட்டி விரலால ஆயிலைத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க, பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா உள்ள தண்ணி போயிருக்குன்னு அர்த்தம், வண்டி ஆழத் தண்ணில இறங்கியிருக்கு, காத்து போய் வர்ற ப்ரீதர் குழாய் கெட்டுப் போயிருக்கலாம். இன்னொண்ணு, நிறைய பழைய வண்டில அந்த ஃபோர் வீல் லிவரையோ ஸ்விட்ச்சையோ வருஷக்கணக்கா யாரும் தொட்டிருக்கவே மாட்டாங்க, உள்ள எல்லாம் இறுகிப் போயிருக்கும், மண்ணு தரைக்கு கொண்டு போய் ஹை, லோ, லாக் எல்லாத்தையும் போட்டுப் பாக்காம பணத்தைக் குடுக்காதீங்க, டேஷ்போர்டுல லைட்டு மினுக்கிட்டே இருந்து நிலையா நிக்கலைன்னா அது முழுசா போடலைன்னு அர்த்தம். உயரத்தைத் தூக்கின வண்டி, பெரிய டயர் மாட்டின வண்டி பாக்க கம்பீரமா இருக்கும், ஆனா யாரு எப்படி தூக்கினாங்கன்னு நமக்குத் தெரியாது, பிரேக் ஹோஸ் நீளம் பத்தாம இழுத்துட்டு இருக்கலாம், ஷாஃப்ட்டோட கோணம் மாறி ஜாயின்ட் தேஞ்சிருக்கலாம். டீசல் எடுத்தா புகைல கரி பிடிக்கிற ஃபில்டர் இருக்கானு கேளுங்க, டிபிஎஃப்னு சொல்றது, மெதுவா ஊந்துட்டே இருந்தா அது அடைக்கும், நடுநடுவுல ஹைவேல நல்லா ஓட்டி அதை எரிக்கணும்.

குழந்தைங்க சம்பந்தமா மூணு விஷயம், இதுல நான் விட்டுக் குடுக்கவே மாட்டேன். பக்கவாட்டுல பாத்து உக்காரற பின் பெஞ்ச் இருக்கிற வண்டில பசங்களை அங்க உக்கார வைக்காதீங்க, சைல்ட் சீட்டை அதுல மாட்டவே முடியாது. சைல்ட் சீட்டை நேரா வண்டில மாட்டுற கொக்கிக்கு ஐஸோஃபிக்ஸ்னு பேரு, அந்த தரநிலையே 1999லதான் வந்துச்சு, அதனால அதுக்கு முந்தின வண்டில பொதுவா அந்த கொக்கி இருக்காது, நடுவுல மூணு பாயின்ட் பெல்ட்டாவது இருக்கானு பாருங்க, உங்க சைல்ட் சீட்டையே கையோட எடுத்துட்டுப் போய் மாட்டிப் பாருங்க. அப்புறம் டக்காட்டா கம்பெனி செஞ்ச ஏர்பேக். உலகம் முழுக்க கோடிக்கணக்கான வண்டில போட்டது, வருஷக்கணக்கா சூட்டுலயும் ஈரத்துலயும் இருந்தா அதை ஊத வைக்கிற இன்ஃப்ளேட்டர் கெட்டுப்போய், விரியும்போது இரும்புத் துண்டு பறக்கும், ஆட்கள் செத்திருக்காங்க. வண்டியோட சேஸிஸ் நம்பரைக் குடுத்தா வண்டி கம்பெனியே ரீகால், அதாவது திரும்பக் கூப்பிட்டு மாத்துற வேலை, முடிஞ்சுதா இல்லையான்னு சொல்லிடும், பழைய வண்டிக்கும் இலவசமாவே மாத்தித் தருவாங்க.

வாங்குற பணம் மொத்தத்தையும் வண்டில கொட்டிடாதீங்க, அஞ்சுல ஒரு பங்காவது கைல வெச்சுக்குங்க. எஞ்சின், கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், ரெண்டு டிஃபரன்ஷியல், எல்லா ஆயிலும் மாத்தணும், பெல்ட், ஹோஸ், பிரேக் ஃப்ளூயிட், பேட்டரி. டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கும், 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம், பட்டன் நல்லா இருந்தாலும் பத்து வருஷம் ஆன ரப்பரை நம்பி கல்லு ரோட்டுக்குப் போகாதீங்க. மாத்தும்போது எல்லா தரைக்கும் ஆன ஆல் டெர்ரெய்ன் டயர் போடுங்க, சேத்துக்குன்னே செஞ்ச மட் டெர்ரெய்ன் வேண்டாம், ஹைவேல உறுமுற சத்தத்துல பசங்க தூங்க மாட்டாங்க, ஈர ரோட்டுல பிரேக்கும் அவ்வளவா நிக்காது.

லாக்கர், வின்ச்னு யோசிக்கறதுக்கு முன்னாடி ஒரு நல்ல கம்ப்ரஸரும் காத்து அளக்கிற கேஜும் வாங்குங்க. தார் ரோட்டுல 32, 35 பிஎஸ்ஐ இருக்கிற டயரை மணல்ல 18க்கு இறக்கினா டயர் நீளமா படுத்துக்கும், அதே வண்டி வேற வண்டியா மாறிடும், கல்லு ரோட்டுல 25 வெச்சா பின் சீட்டுக்குப் போற அடி பாதியா குறைஞ்ச மாதிரி இருக்கும். காத்து இறக்கினா வேகத்தையும் இறக்கணும், தார் ரோடு வந்ததும் நின்னு திரும்ப ஏத்திடணும். கயிறு கட்டி இழுக்க வேண்டி வந்தா, ட்ரெய்லர் மாட்டுற உருண்டைல கட்டவே கட்டாதீங்க, அது அறுந்து பறந்தா குண்டு மாதிரி வரும், அதுல உயிர் போயிருக்கு. சேஸிஸோட போல்ட் போட்ட ரெக்கவரி பாயின்ட் முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு இருக்கானு வாங்கும்போதே பாருங்க, இழுக்கும்போது பசங்க ரெண்டு பேரும் நல்லா தள்ளி, கயிறு போற நேர்கோட்டுக்கு வெளிய நிக்கணும்.

டெஸ்ட் டிரைவுக்கு குடும்பத்தோட போங்க. ஒருத்தர் ஓட்டட்டும், வாங்குற முடிவை எடுக்கிற ஆள் பின் சீட்டுல, குழந்தைங்க நடுவுல உக்காரட்டும், மோசமான ரோடா பாத்து இருபது நிமிஷம். நாங்க இப்போ வெச்சிருக்கிற வண்டிய அப்படித்தான் எடுத்தோம், அன்னைக்கு பின்னாடி உக்காந்தவர் அவர், ஓட்டினது நான், திரும்பி வரும்போது சின்னவன் அவர் மடில கையைப் போட்டு தூங்கிட்டான், இறங்கினதும் அவர் விலை பேசப் போயிட்டார்.